வெஸ்ட் ஆகாத பங்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கேள்வி பதில்

சம்பளத்தில் ஒரு பகுதி கம்பெனி பங்காக வருகிறவர்கள் தங்கள் நிகர மதிப்பை, அதாவது சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சுவதை, எப்படிக் கணக்கு வைத்துக்கொள்வது என்று கேட்டு வந்த கேள்விகள் இவை. வெஸ்ட் ஆவது என்றால், தருவதாகச் சொன்ன பங்கு, குறித்த காலம் வேலை பார்த்தபின் நமக்கே சொந்தமாவது. நான் ஆடிட்டர் இல்லை. பன்னிரண்டு வருடமாகப் பாதி பணம், பாதி பங்கு என்று சம்பளம் வாங்கி, மாதா மாதம் ஒரு எக்ஸெல் தாளை நிரப்பி, அதில் செய்யக்கூடிய தப்பையெல்லாம் செய்து பார்த்தவள். கீழே வரும் எண்கள் கணக்குக்காக வைத்தவை. எந்த நாட்டுப் பணமாகவும் நினைத்துக்கொள்ளலாம்.

அக்கா, வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. 400 ஆர்எஸ்யூ, அதாவது வெஸ்ட் ஆகும்போது பங்காகக் கைக்கு வருவது, கொடுத்திருக்கிறார்கள், வருடத்துக்கு 100 வீதம் வெஸ்ட் ஆகும். இன்றைய விலை 200. என் நிகர மதிப்பில் 80,000 சேர்த்துவிட்டேன், சரிதானே?

சரியில்லை தம்பி. அந்த 80,000-ஐ இன்றே அழித்துவிடுங்கள். இன்று ராஜினாமா கடிதம் கொடுத்தால் அதில் எத்தனை பங்கு உங்களோடு வெளியே வரும்? ஒன்றுகூட வராது. முதல் வருடம் முடியும்வரை எதுவும் வெஸ்ட் ஆகாது என்பதுதான் பல கம்பெனிகளில் வழக்கம். அடுத்த மாதச் சம்பளத்தை யாரும் இந்த மாதச் சொத்தில் எழுதுவதில்லையே, இதுவும் அதே மாதிரிதான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் 600 பங்கு வெஸ்ட் ஆக நாற்பது நாள்தான் பாக்கி. தாளில் அதை மொத்தத்தோடு சேர்த்து, பச்சை நிறம்கூடக் கொடுத்து வைத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதினோரு நிமிட வீடியோ கால், ஆட்குறைப்பு. அன்று இரவு அந்தக் கட்டத்தில் பூஜ்யம் அடித்தபோது மொத்தத் தொகை மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. உண்மையில் எதுவும் இறங்கவில்லை. அது எப்போதுமே என்னிடம் இருந்ததில்லை.

வெஸ்ட் ஆகாததைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தாளில் வேறு பக்கத்தில், மொத்தத்தில் சேராத இடத்தில், எந்தத் தேதியில் எத்தனை என்று எழுதி வையுங்கள். வேறு கம்பெனி கூப்பிடும்போது எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று பார்க்க அந்தப் பக்கம் கட்டாயம் வேண்டும்.

100 பங்கு வெஸ்ட் ஆனது, கணக்கில் 70-தான் வந்தது. மீதி 30 எங்கே போனது? நான் 100 என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வரிக்குப் போனது. வெஸ்ட் ஆகிற அன்றைய விலை, பங்கு எண்ணிக்கை இரண்டையும் பெருக்கி வரும் தொகையைப் பெரும்பாலான நாடுகளில் சம்பளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கான வரிக்குச் சில பங்குகளைக் கம்பெனியே பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் விற்றுக் கட்டிவிடும். எனவே தாளில் 70.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். வெஸ்ட் ஆன அன்று விலை 200, இன்று 260 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 70 பங்கின் சந்தை மதிப்பு 18,200. இன்றே விற்றால் பங்குக்கு 60 வீதம் 4,200 லாபம். அந்த லாபத்தின் மேல் வரும் மூலதன ஆதாய வரி 20 சதவீதம் என்றால் 840 போகும், கையில் நிற்பது 17,360. நீங்கள் எழுதியிருப்பதோ நூறு பெருக்கல் 260, அதாவது 26,000!

இரண்டு விஷயம் கவனியுங்கள். வரிக் கணக்கில் நீங்கள் வாங்கிய விலை 200, பூஜ்யம் இல்லை. "சும்மா கிடைத்த பங்குதானே" என்று பூஜ்யம் போட்டால், ஏற்கெனவே சம்பளமாக வரி கட்டிய தொகைக்கு இன்னொரு தடவை வரி கட்டுவீர்கள். வெஸ்ட் ஆன நாளின் விலைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஐந்து வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

அப்புறம், கம்பெனி பிடித்தது போதுமா என்று பாருங்கள். 30 சதவீதம் பிடித்திருக்கிறார்கள், உங்கள் வருமானத்துக்கு உண்மையில் 37 சதவீதம் வருகிறது என்றால், வெஸ்ட் ஆன 100 பங்கின் அன்றைய மதிப்பு 20,000-இல் 7 சதவீதம், 1,400 இன்னும் பாக்கி. அது கடன் பக்கத்தில் உட்கார வேண்டிய தொகை. வருடக் கடைசியில் திடீரென்று தலையில் விழுந்ததாகத் தோன்றும் வரி பெரும்பாலும் இப்படி எழுதாமல் விட்டதுதான்.

என்னிடம் இருப்பது ஆப்ஷன். 1,000 ஆப்ஷன், ஸ்டிரைக் விலை 40, பங்கு இப்போது 35. தாளில் மைனஸ் 5,000 போட வேண்டுமா?

வேண்டாம், பூஜ்யம் போடுங்கள். ஆப்ஷன் என்றால் ஸ்டிரைக் விலையான 40 கொடுத்துப் பங்கை வாங்கும் உரிமை, அதுதான் உங்களிடம் இருக்கிறது. 35-க்குக் கிடைப்பதை 40 கொடுத்து வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். விலை 65 ஆனால் வித்தியாசம் 25, ஆயிரத்துக்கு 25,000. வெஸ்ட் ஆனதற்கு மட்டும் அதை எழுதலாம், வரியைக் கழித்துவிட்டு. பக்கத்திலேயே காலாவதித் தேதியையும் போடுங்கள். வேலையை விட்டபின் 90 நாளுக்குள் பயன்படுத்தாவிட்டால் ஆப்ஷன் செத்துவிடும் என்று பல கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த 90 நாளில் பங்கு வாங்க 40,000-மும், அதன் மேல் வரியும் கையில் இருக்குமா என்பது தனிக் கேள்வி.

எங்களுடையது ஸ்டார்ட்அப். போன சுற்று முதலீட்டில் பங்குக்கு 100 என்று மதிப்புப் போட்டார்கள். நான் அந்த விலையை எடுத்துக்கொள்ளலாமா?

அந்த 100 முதலீட்டாளர்கள் வாங்கிய பங்கின் விலை. உங்களுடையது வேறு வகைப் பங்கு. அவர்களுடையதில், கம்பெனியை விற்றால் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் இருக்கும். முதலீட்டாளர்கள் 50 கோடி போட்டு 40 சதவீதம் வைத்திருக்கிறார்கள், கம்பெனி 60 கோடிக்கு விலை போகிறது என்று வையுங்கள். தங்கள் பங்கின்படி எடுத்தால் அவர்களுக்கு 24 கோடி, முன்னுரிமையின்படி எடுத்தால் 50 கோடி. எதை எடுப்பார்கள்? நிறுவனர், ஊழியர் எல்லாரும் பிரித்துக்கொள்ள மிஞ்சுவது 10 கோடி.

நான் போடுவது பூஜ்யம். எண்ணிக்கையை மட்டும் ஓரத்தில் எழுதுவேன். இது ரொம்பக் கறார் என்று சொல்பவர்கள் உண்டு, பாதி மதிப்புப் போடுபவர்களும் உண்டு. விற்க ஆள் இல்லாத பொருளுக்கு நானே விலை வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கம்பெனியே ஊழியர்களிடமிருந்து பங்கைத் திரும்ப வாங்க முன்வந்தால், அந்த விலை உண்மையான விலை. அதை எழுதலாம்.

இஎஸ்பிபி-க்காக, அதாவது ஊழியர்கள் தள்ளுபடி விலையில் கம்பெனி பங்கு வாங்கும் திட்டத்துக்காக, மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், ஆறு மாதம் கழித்துத்தான் பங்கு வரும். நடுவில் அந்தப் பணம் யாருடைய கணக்கு?

உங்களுடையதுதான். வாங்கும் தேதிக்கு முன்னால் விலகினால் பெரும்பாலான திட்டங்களில் திருப்பித் தருவார்கள். ரொக்கம் என்று ஒரு வரிசையில் எழுதுங்கள். பலரும் மறந்துவிடுகிற வரிசை இது. தள்ளுபடி லாபத்தைப் பங்கு கைக்கு வந்தபிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பதறிப்போய்க் கேட்கிறேன். நேற்று வரை சரியாக இருந்த தாளில் இன்று காலை கம்பெனி பங்கின் மதிப்பு பத்தில் ஒன்றாகிவிட்டது. செய்தியில் வீழ்ச்சி எதுவும் இல்லை!

பங்குப் பிரிப்பு நடந்திருக்கும், அதாவது ஒரு பங்கைப் பல பங்காகப் பிரித்து, விலையும் அதற்கேற்பக் குறைந்திருக்கும். விலையைத் தாள் இணையத்திலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது, எண்ணிக்கையை நீங்கள் கையால் அடித்திருக்கிறீர்கள். 2024 ஜூனில் என்விடியா ஒன்றைப் பத்தாகப் பிரித்தது, 2020 ஆகஸ்டில் ஆப்பிள் ஒன்றை நான்காகப் பிரித்தது. அப்போதெல்லாம் இதே பதற்றம் பல வீடுகளில் வந்திருக்கும். எண்ணிக்கையைப் பத்தால் பெருக்குங்கள். வாங்கிய விலையைப் பத்தால் வகுக்கவும் மறக்காதீர்கள். வெஸ்ட் ஆகாத பக்கத்திலும் இதையே செய்ய வேண்டும்.

கம்பெனி பங்கு டாலரில், நான் வாழ்வது வேறு நாட்டில். எப்படி எழுதுவது?

விலைக்கு ஒரு பத்தி, மாற்று விகிதத்துக்கு ஒரு பத்தி. இரண்டையும் பெருக்கி ஒரே எண்ணாக எழுதிவிட்டால், ஏறியது பங்கா டாலரா என்று பின்னால் தெரியாது.

மேடம், என் கணவர் வெஸ்ட் ஆகாததையும் சேர்த்து "நம்மிடம் இவ்வளவு இருக்கிறது" என்று சொல்லி, பெரிய வீட்டுக்கடன் வாங்கலாம் என்கிறார். கம்பெனி நன்றாகத்தான் போகிறது. நான் பயப்படுவது அதிகமா?

அதிகம் இல்லை. கம்பெனி நன்றாகப் போவதும் உங்கள் பணம் பத்திரமாக இருப்பதும் ஒன்றல்ல. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனியைப் பாருங்கள். 2000 ஆகஸ்டில் 90 டாலர் வரை போன அதன் பங்கு, 2001 நவம்பர் முடிவதற்குள் ஒரு டாலருக்குக் கீழே வந்தது. டிசம்பர் 2 அன்று திவால் மனு. அந்த ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதிக்கு மேல் சொந்தக் கம்பெனி பங்காக இருந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலையும் போனது, சேமிப்பும் போனது.

இங்கே நான் மேலே சொன்னதற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன், குழம்ப வேண்டாம். நிகர மதிப்பில் வெஸ்ட் ஆகாததைச் சேர்க்கக் கூடாது. ஆனால் ஆபத்தை அளக்கும்போது கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒரே கம்பெனியை நம்பி எது எதுவெல்லாம் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: மாதச் சம்பளம், கையில் இருக்கும் பங்கு, வரப்போகும் பங்கு, போனஸ், சில இடங்களில் மருத்துவக் காப்பீடு. அந்தக் கம்பெனி தும்மினால் இவை எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வரும். முதலீட்டில் ஒரே கம்பெனியின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். குடியிருக்கும் வீட்டை விட்டுவிட்டு, விற்கக்கூடிய முதலீட்டை மட்டும் வைத்துச் சதவீதம் பாருங்கள். வீட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 40 கூட 15 மாதிரித் தெரியும்.

மாதத் தவணையைப் பணமாக வரும் சம்பளத்தால் மட்டும் கட்ட முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். முடியும் என்றால் வாங்குங்கள், பங்கு வருவது கூடுதல் வசதி.

வெஸ்ட் ஆனதும் விற்பதா, வைத்திருப்பதா?

அதே தொகை போனஸாகப் பணமாக வந்திருந்தால், உடனே போய் உங்கள் கம்பெனி பங்கை வாங்கியிருப்பீர்களா? மாட்டேன் என்றால் விற்றுவிடுங்கள். வெஸ்ட் ஆன அன்றே விற்றால் கூடுதல் லாபமும் இராது, அதற்கு வரியும் இராது. ஒன்று மட்டும்: காலாண்டு முடிவுகள் வரும் சமயம் பல கம்பெனிகளில் ஊழியர்கள் பங்கை விற்கத் தடை இருக்கும். அந்தத் தேதிகளையும் தாளில் குறித்து வையுங்கள்.

போன வருடம் என் நிகர மதிப்பு 30 சதவீதம் ஏறியது. நான் நன்றாகச் சேமிக்கிறேன் என்று சொல்லலாமா?

பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஏற்றத்தை மூன்றாக உடையுங்கள்: பணமாகச் சேமித்தது, வெஸ்ட் ஆகி வந்த பங்கின் அன்றைய மதிப்பு, ஏற்கெனவே இருந்ததன் விலை ஏற்றம். முதல் வருடம் இப்படிப் பிரித்தபோது என் ஏற்றத்தில் நான் பணமாகச் சேமித்தது வெறும் ஆறில் ஒரு பங்கு என்று தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்ப்பது?

மாதக் கடைசி நாள், ஒரு முறை. தினமும் பார்ப்பது பழக்கமில்லை, வியாதி.

உங்கள் தாள் எப்படி இருக்கும் என்று காட்ட முடியுமா?

அழகாக எதுவும் இருக்காது. ஒவ்வொரு வெஸ்டிங்குக்கும் ஒரு வரிசை: தேதி, கைக்கு வந்த எண்ணிக்கை, அன்றைய விலை, இன்றைய விலை, விற்றால் வரும் வரி, மிச்சம். வெஸ்ட் ஆகாதது அடுத்த பக்கத்தில். முதல் பக்கத்தின் மேலே இரண்டு மொத்தம் போட்டிருக்கிறேன். ஒன்று வழக்கமான நிகர மதிப்பு. இன்னொன்று கம்பெனி பங்கின் விலையைப் பூஜ்யமாக்கிப் போட்ட மொத்தம். இரண்டாவதைத்தான் முதலில் பார்ப்பேன்.