வீட்டில் செய்யும் பவர் சப்ளை: சுற்றும் பெட்டியும்

தாம்பரம், கல்லூரி மாணவர்: ஐயா, 9-0-9 டிரான்ஸ்பார்மரின் நடு ஒயரை விட்டு, இரு ஓர முனைகளுக்கும் இடையே 18 வோல்ட்டாக எடுத்து, வோல்டேஜை வேண்டிய அளவில் நிறுத்தும் எல்எம்317 ஐசியைக் கொண்டு பவர் சப்ளை செய்தேன். 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் எடுத்தால் சில நிமிடங்களில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. ஐசி பழுதா?

பதில்: பழுதன்று. 18 வோல்ட் ஏசி, அதை டிசியாக்கும் பிரிட்ஜையும் சமன்படுத்தும் கெபாசிட்டரையும் கடந்ததும் ஏறக்குறைய 24 வோல்ட் டிசி ஆகிறது. அதில் 5 வோல்ட் போக மீதி 19 வோல்ட்டையும் ஐசியே தாங்குவதால், ஒரு ஆம்பியரில் 19 வாட் வெப்பம் அந்தச் சிறு தகட்டில் பிறக்கிறது. அளவு மீறிச் சுடும்போது ஐசி தன்னைக் காத்துக்கொள்ளவே வெளியீட்டைக் குறைக்கிறது. வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கைப் பெரிதாக்குவதற்கு முன், ஒரு சுவிட்ச் வைத்து, குறைந்த வோல்டேஜ் வேண்டும்போது பிரிட்ஜின் ஒரு ஏசி முனையை டிரான்ஸ்பார்மரின் நடு ஒயருக்கு மாற்றுங்கள். அப்போது உள்ளே வருவது சுமார் 11 வோல்ட். வெப்பம் 6 வாட்டாகக் குறையும். வடிகட்டும் கெபாசிட்டர் 4700 மைக்ரோஃபாரடுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

வேளச்சேரி வாசகி: பவர் சப்ளைக்காக பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரால் அச்சிட்ட பெட்டியின் பின்சுவர் வளைந்துவிட்டது. சுவரைத் தடிமனாக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, தடித்த சுவர் வெப்பத்தை உள்ளேயே தேக்கும். பிஎல்ஏ சுமார் 60 டிகிரியில் இளகத் தொடங்கும். மே மாதச் சென்னையில் அறையே 35 டிகிரியைத் தாண்டும்போது, மூடிய பெட்டிக்குள் இன்னும் 25 டிகிரி ஏறுவது அரிதன்று. பெட்ஜி என்னும் இன்னொரு அச்சு பிளாஸ்டிக் சுமார் 80 வரை தாங்கும். ஆனால் பொருளை மாற்றுவதைவிட ஹீட்சிங்கைப் பெட்டிக்கு வெளியே, துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி பொருத்துவதே முதன்மையானது. ஐசியை ஹீட்சிங்கிலேயே நேராக முடுக்குங்கள். இடையில் பிளாஸ்டிக் சுவர் அகப்பட்டால், அது சூட்டில் மெல்லத் தளர்ந்து திருகின் பிடி போய்விடும். நான் முதலில் செய்த பெட்டியில் இப்படித்தான் ஒரு ஐசியை இழந்தேன். எல்எம்317இன் உலோக முதுகு வெளியீட்டு முனையோடு இணைந்திருப்பதால், அதற்கும் ஹீட்சிங்குக்கும் இடையே மின்சாரம் கடத்தாத மைக்கா தகடும், திருகுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் கட்டாயம்.

பெரம்பூர் வாசகர்: பெட்டி பிளாஸ்டிக்தானே, எர்த் தேவையா?

பதில்: தேவை. டிரான்ஸ்பார்மரின் இரும்பையும் வெளியே தெரியும் ஹீட்சிங்கையும் பச்சை ஒயரோடு இணையுங்கள். ஃபியூஸும் மெயின் சுவிட்சும் ஃபேஸில் இருக்க வேண்டும். அச்சிட்ட பிளாஸ்டிக் தீப்பிடிக்கக்கூடியது என்பதால், 230 வோல்ட் இணைப்புகளை மட்டும் தனியே ஒரு சிறு இரும்புப் பெட்டிக்குள் அடக்கி, அதற்கும் எர்த் கொடுப்பதையே நான் வலியுறுத்துவேன்.

அம்பத்தூர் வாசகர்: ரிச்சி தெருவில் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) வாங்கி, வோல்டேஜைக் குறைக்கும் பக் மாட்யூல் இணைத்தால் போதாதா?

பதில்: மோட்டார், எல்இடி வேலைகளுக்குத் தாராளமாகப் போதும். ரேடியோ, ஆடியோ சுற்றுகளைச் சோதிப்பதானால் அதன் ஸ்விட்சிங் இரைச்சல் குறுக்கிடும். அங்கே எல்எம்317 போன்ற, ஸ்விட்சிங் இல்லாத லீனியர் வகையே நல்லது.