ஸ்பானிய ஒழுங்கு வினைகள்: கேள்வி-பதில்

கே: ஒரே விதிப்படி விகுதி மாறும் ஸ்பானிய வினைகள், அகராதி வடிவத்தின் முடிவைப் பொறுத்து ஆர், ஏர், ஈர் என்று மூன்று வகை. மூன்று அட்டவணையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யணுமா?

ப: வேண்டாம். நிகழ்காலத்தில் ஏர், ஈர் வகைகள் பிரிவது இரண்டே இடத்தில்தான்: கொமேமோஸ்–விவிமோஸ் (உண்கிறோம்–வாழ்கிறோம்), கொமேய்ஸ்–விவீஸ் (உண்கிறீர்கள்–வாழ்கிறீர்கள்). மற்ற நான்கு விகுதிகளும் ஒன்றே. முதலில் ஆர் வகையை முடியுங்கள். பத்து வினையில் குறைந்தது எட்டு அந்த வகைதான். சாட்டேயார் (இணையத்தில் அரட்டையடி) போலப் புதிதாக வருபவையும் அதில்தான் சேர்கின்றன.

கே: 'டூ யூ ஸ்பீக்' என்பதில் வரும் 'டூ'வுக்கு ஸ்பானியத்தில் என்ன?

ப: ஒன்றுமில்லை. 'அப்லாஸ் இங்கிலேஸ்?' (ஆங்கிலம் பேசுகிறாயா?) என்று குரலை உயர்த்திக் கேட்டால் போதும். மறுப்புக்கு வினைக்கு முன்னால் 'நோ'. 'ஐ ஆம்' என்பதில் வரும் ஆங்கிலத் துணைவினையைத் தேடி 'சோய் அப்லோ' என்று எழுதாதீர்கள்.

கே: விகுதி எல்லாம் தெரியும். ஆனாலும் எல்லா வாக்கியத்திலும் 'யோ' (நான்) வந்துவிடுகிறது. அது தவறா?

ப: தவறில்லை, தேவையில்லை. ஆனால் அந்தப் பழக்கம் செய்யும் கேடு பெரிது. ஆங்கில வினையில் 'ஹீ ஸ்பீக்ஸ்' தவிர எல்லா இடத்துக்கும் ஒரே வடிவம். அதனால் எழுவாய் இல்லாமல் அங்கே காரியம் நடக்காது. ஆங்கிலம் வழியாக எழுதிய பாடநூல்களும் 'யோ அப்லோ, தூ அப்லாஸ்' (நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய்) என்று ஒட்டியே அச்சிடுகின்றன. படிப்பவர் காது 'யோ'வைப் பிடித்துக்கொண்டு விகுதியை நழுவ விடுகிறது. 'யோ அப்லோ' என்பதற்குப் பதிலாக 'யோ அப்லா' என்ற பிழை வருவது அதனால்தான். எதிரில் இருப்பவர் வெறுமனே 'அப்லான்' (பேசுகிறார்கள்) என்றால், யார் பேசுவதாகச் சொல்கிறார் என்று விழிக்கிறோம்.

தமிழர் இப்படித் தடுமாறுவது எனக்குப் பொறுக்கவில்லை. 'பேசுகிறேன்', 'பேசினாய்' என்று எழுவாயை விட்டுத்தானே நாளெல்லாம் பேசுகிறோம்? நடுவில் ஆங்கிலத்தை ஏன் நுழைக்கிறீர்கள்? ஒரே வேறுபாடு: ஸ்பானிய விகுதி ஆண், பெண் காட்டாது. 'அப்லா' என்றால் அவனும் அவளும் 'நீங்கள்' என்ற மரியாதைக்குரிய உஸ்தேதும்தான்.

ஐந்து வினை, ஆறு இடம்: முப்பது அட்டை எழுதுங்கள். ஒரு பக்கம் 'அப்லாமோஸ்', மறுபக்கம் 'பேசுகிறோம்'. எழுவாய் எந்தப் பக்கமும் கூடாது. கலைத்துப் போட்டு இரு திசையிலும் கேளுங்கள். இரண்டு நொடிக்குள் வராத அட்டை மறுபடி கட்டுக்குள் போகட்டும். அட்டவணை வரிசையில் மட்டும் ஒப்பிக்காதீர்கள். அப்படிப் படித்தவருக்கு 'அப்லான்' வேண்டுமென்றால் 'அப்லோ'விலிருந்து ஏறி வரவேண்டியிருக்கும்.

எழுவாய் எங்கே வேண்டும்? வேறுபடுத்திக் காட்டும்போது: 'யோ அப்லோ, எல் எஸ்குச்சா'. நான் பேசுகிறேன், அவன் கேட்கிறான். வடிவம் ஒன்றாகிவிடும்போதும் வேண்டும்: இம்பெர்ஃபெக்தோவில் (தொடர்ந்தோ வழக்கமாகவோ நடந்ததைச் சொல்லும் இறந்தகாலம்) 'அப்லாபா' தன்மைக்கும் படர்க்கைக்கும் பொது.

கே: 'பேசுகிறேன்' என்று நினைத்து 'அப்லோ' என்றேன். 'யார் பேசினார்?' என்று கேட்டார்கள்.

ப: அழுத்தத்தை மாற்றிவிட்டீர்கள். முதலசையில் அழுத்தினால் 'பேசுகிறேன்', கடைசியில் அழுத்தினால் 'அவர் பேசினார்'. எழுத்தில் அதைக் காட்டுவது கடைசி ஓ எழுத்தின் மேலுள்ள சாய்குறி. அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வாய்விட்டுப் படியுங்கள்.

கே: பத்து வினைக்கு ஒழுங்கு விகுதி சேர்த்தேன். ஆறு தவறாம்!

ப: நீங்கள் அனுப்பிய பட்டியலில் செர், இர், தெனேர், பொதேர் எல்லாம் இருக்கின்றன. இவை ஒழுங்கு வினைகளே அல்ல. அகராதியில் வினையின் வகையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: புஸ்கார் ஒழுங்கு வினைதானே? 'தேடினேன்' என்பதில் எழுத்து ஏன் மாறுகிறது?

ப: ஒலி மாறக்கூடாது என்பதற்காக. ஏ ஒலிக்கு முன் சி எழுத்து 'க'வாக ஒலிக்காது. அதனால் கியூ, யூ எழுதிப் 'புஸ்கே' என்கிறோம். யெகார் வினைக்கும் இதே காரணம்.

கே: பலரை 'நீங்கள்' என்று அழைக்கும் வொசோத்ரோஸ் வடிவத்தைப் படிக்கணுமா?

ப: ஸ்பெயின் போகிறவர் படியுங்கள். லத்தீன் அமெரிக்கா என்றால் அதே பொருளில் உஸ்தேதெஸ் போதும். அர்ஜென்டினா, உருகுவே போன்ற நாடுகளுக்கு 'வோஸ்' (நீ) கூடுதல்: அங்கே 'அப்லாஸ்' கடைசி அசையில் அழுந்தும்.

கே: எதிர்காலம் கடினமா?

ப: எளிது. பெயரெச்சம், வினையெச்சம் என்று குழம்ப வேண்டாம். அகராதி வடிவத்தை வெட்டாமல் அப்படியே வைத்து விகுதி சேருங்கள்: அப்லாரே, கொமேரே, விவிரே (பேசுவேன், உண்பேன், வாழ்வேன்). மூன்று வகைக்கும் ஒரே விகுதிதான். மறுபடியும் சொல்கிறேன், சாய்குறியை விடாதீர்கள். கடைசியில் அழுத்தினால் 'அப்லாரா' என்பது 'பேசுவார்'. நடுவில் அழுத்தினால் அது சப்ஹுந்திவோ (ஐயம், விருப்பம் போன்றவற்றுக்கான வினைவடிவம்), வேறு வாக்கியம்.