இடைநிலை அளவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 12, 7, 25, 9, 15 ஆகிய எண்களின் இடைநிலை அளவு 25 என்று எழுதினாள். நடுவில் இருப்பது 25தானே? ஏன் மதிப்பெண் தரவில்லை?

பதில்: வரிசைப்படுத்தாமல் நடுவைத் தேடிவிட்டாள். ஏறுவரிசையில் எழுதினால் 7, 9, 12, 15, 25. நடுவில் நிற்பது 12, அதுதான் இடைநிலை அளவு. நான் வகுப்பில் இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் தொடங்குவதில்லை. ஐந்து பிள்ளைகளை முன்னால் வந்து நிற்கச் சொல்வேன். வந்தபடியே நிற்பார்கள், பல நேரம் நெட்டைப் பையன் ஒருவன்தான் நடுவில் இருப்பான். “இவன்தான் நடுத்தர உயரமா?” என்று கேட்டால் வகுப்பே “இல்லை” என்று கத்தும். உயரப்படி மாறி நின்றதும் மூன்றாவது ஆளைப் பிள்ளைகளே சுட்டிக்காட்டுவார்கள். வீட்டில் டம்ளர்களை வைத்தும் செய்து காட்டலாம். ஒருமுறை கையால் வரிசைப்படுத்திய பிள்ளை பிறகு மறப்பதில்லை.

கேள்வி: ஆறு எண்கள் இருந்தால் எது நடு?

பதில்: மூன்றாவதையும் நான்காவதையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். 7, 9, 12, 15, 18, 25 என்றால் 13.5. விடை பட்டியலில் இல்லையே என்று தயங்க வேண்டாம். அதற்குக் கீழே மூன்று, மேலே மூன்று. நமக்கு வேண்டியது அதுதான்.

கேள்வி: இலங்கைப் பாடநூலில் ‘இடையம்’ என்று இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒன்றுதான். ஆனால் அங்கே ‘இடை’ என்றால் சராசரி. இரு நாட்டு நூல்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பட்டறையில் சராசரிச் சம்பளம் 31,000 ரூபாய் என்கிறார்கள். மேலாளரைத் தவிர எங்களில் யாருக்கும் 20,000கூட இல்லை. கணக்கில் பொய்யா?

பதில்: கணக்கு சரியாகவே இருக்கலாம், எடுத்துக்கொண்ட அளவுதான் உங்கள் நிலையைக் காட்டவில்லை. ஏழு பேரின் சம்பளம் 14,000, 15,000, 15,000, 16,000, 18,000, 19,000, மேலாளருக்கு 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 2,17,000, ஏழால் வகுத்தால் 31,000. நடுவில் நிற்பவர் வாங்குவதோ 16,000. (15,000 இரண்டு முறை வருகிறது என்று ஒன்றை நீக்கிவிடாதீர்கள். ஆள் இரண்டு பேர் என்றால் எண்ணும் இரண்டு முறை வர வேண்டும்.) மேலாளரின் சம்பளத்தை இரட்டிப்பாக்கினால் சராசரி 48,000ஐத் தாண்டும். இடைநிலை 16,000இலிருந்து அசையாது. அதனால்தான் வருமானம், வீட்டு விலை போன்றவற்றுக்கு இடைநிலையைக் கேட்டு வாங்குங்கள் என்று விடாமல் சொல்லிவருகிறேன். மாதச் சம்பளத்துக்கு மொத்தம் எவ்வளவு பணம் வேண்டும் என்று பார்ப்பவருக்கு மட்டும் சராசரிதான் உதவும்.

கேள்வி: மதிப்பெண்களை 0–10, 10–20 என்று பிரித்து எழுதும் பிரிவு இடைவெளி அட்டவணையில் இடைநிலை காணும் சூத்திரம் மறந்துபோகிறது.

பதில்: சூத்திரத்தை விட்டுவிட்டு ஆளைத் தேடுங்கள். 0–10இல் 4 பேர், 10–20இல் 6, 20–30இல் 10, 30–40இல் 7, 40–50இல் 3. மொத்தம் 30, பாதி 15. முதல் இரண்டு பிரிவுகளில் 10 பேர் முடிந்துவிட்டார்கள். இன்னும் 5 பேர் வேண்டும். அடுத்த பிரிவில் 10 பேர் 10 மதிப்பெண் அகலத்தில் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டால், 5 பேரைக் கடக்க 5 மதிப்பெண். 20உடன் 5 சேர்த்தால் 25. குவிவு நிகழ்வெண்ணை (அதுவரை சேர்ந்த மொத்த ஆட்களை) எடுக்கும்போது முந்தைய பிரிவினுடையதை எடுங்கள். பெரும்பாலோர் தவறுவது அங்கேதான்.

கேள்வி: அப்பாவுக்கு வந்திருக்கும் நோய்க்கு ‘இடைநிலை உயிர்வாழ்காலம் 8 மாதம்’ என்று படித்தேன். எட்டு மாதம்தானா?

பதில்: இல்லை. அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: நோயாளிகளில் பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறந்தார்கள், மறுபாதியினர் அதைக் கடந்து வாழ்ந்தார்கள். எவ்வளவு காலம் கடந்தார்கள் என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. சராசரிச் சம்பளத்தை நம்பாதீர்கள் என்று மேலே சொன்ன நானே, இடைநிலையும் தனியே போதாது என்று இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்று உறையில் அரிய வகைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அப்போதைய மருத்துவ நூல்கள் சொன்ன இடைநிலையும் எட்டு மாதம்தான். அவர் அந்த எண்ணோடு நின்றுவிடவில்லை. நோயாளிகள் உயிர்வாழ்ந்த காலங்களின் வரிசை ஒரு பக்கம் பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது. மறுபக்கம் ஆண்டுக்கணக்கில் வால்போல நீளலாம் என்று கண்டார். தன் வயது, நோய் கண்டறியப்பட்ட கட்டம், கிடைக்கும் சிகிச்சை ஆகியவற்றைப் பார்த்து, அந்த நீண்ட வாலில் தனக்கு இடம் உண்டு என்று கணித்தார். 20 ஆண்டுகள் வாழ்ந்து 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார்.

எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் படித்த எண் எந்த ஆண்டு நோயாளிகளிடம் எடுத்தது, அவர்களின் வயது என்ன, நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது, நால்வரில் ஒருவர் எவ்வளவு காலத்தைக் கடந்து வாழ்ந்தார் என்று அப்பாவின் மருத்துவரிடம் கேளுங்கள். தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்த அறைக்குள் போனதும் பாதிக் கேள்விகள் மறந்துவிடும்.