செயின் பக்கத்துச் சத்தம்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் 125 சிசி வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் கரகரவென்று சத்தம் வருகிறது. எஞ்சினா, செயினா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சத்தம் எதைப் பின்தொடர்கிறது என்பதே முதல் சோதனை. போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில் அந்த வேகத்தை எட்டியதும் கிளட்ச்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிய பிறகும் சத்தம் நீடித்து, வண்டியின் வேகம் குறையக் குறையத்தான் தணிகிறது என்றால், செயின், ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), பின்சக்கர பேரிங், பிரேக் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். சத்தம் உடனே நின்றுவிட்டால், வண்டியை நிறுத்தி நியூட்ரலில் ரேஸ் செய்து பாருங்கள். அங்கேயும் வந்தால் எஞ்சின் பக்கம். வராவிட்டால், இழுவை ஏறும்போது மட்டும் கத்துகிற தேய்ந்த செயினாகவும் இருக்கலாம்.

அடுத்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது கியரில் போட்டுவிட்டுச் செயினருகே துணியையோ கையையோ கொண்டுபோகவே கூடாது. துணி ஸ்ப்ராக்கெட் பல்லில் மாட்டினால் விரலையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: மெதுவாகப் போகும்போது சீரான இடைவெளியில் 'டக், டக்' என்று கேட்கிறது.

பதில்: அந்த இடைவெளியே விடை சொல்லும். டயரில் ஒரு சாக்பீஸ் கோடும், செயினின் ஒரு கண்ணியில் இன்னொரு கோடும் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தட்டினால் பின் ஸ்ப்ராக்கெட்டையோ பிரேக்கையோ பாருங்கள். செயின் ஒரு முழுச் சுற்று வரும்போது மட்டும் தட்டினால், ஏதோ ஒரு கண்ணி மடங்க மறுக்கிறது. 42 பல் ஸ்ப்ராக்கெட்டில் 120 கண்ணிச் செயின் என்றால், சக்கரம் ஏறத்தாழ 2.9 முறை சுற்றினால்தான் அதே கண்ணி திரும்ப வரும். துரு ஏறி விறைத்த கண்ணி, பின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு வெளியே வந்த பிறகும் சற்று மடிந்தபடியே கீழே தொங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கேள்வி: ஆக்ஸிலேட்டரை விட்டுத் திரும்பக் கொடுத்தால் 'கடக்' என்று ஒரு உதை.

பதில்: செயின் தொய்வு சரியாக இருந்தும் உதைக்கிறது என்றால், பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் ரப்பர் நைந்திருக்கும். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் திருகுங்கள்; தாராளமாக ஆடினால் மாற்றிவிடுங்கள். விலை குறைந்த பொருள்தான்.

கேள்வி: நியூட்ரலில் சத்தம்; கிளட்ச்சைப் பிடித்தால் நின்றுவிடுகிறது.

பதில்: இது செயின் அல்ல. கியர்பாக்ஸ் உள்ளீட்டுத் தண்டின் பேரிங்கோ கிளட்ச் ஹவுசிங்கோ காரணமாகலாம். ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, சத்தம் நாளுக்கு நாள் கூடினால் எஞ்சினைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: என் ஸ்கூட்டரிலும் செயின் சத்தம் வருகிறது.

பதில்: வழக்கமான பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பின்சக்கரத்துக்குச் செயின் கிடையாது, பெல்ட்தான். ஸ்கூட்டர் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சத்தம் வந்தால் எங்கள் மெக்கானிக் செயினை நன்றாக டைட் வைத்துவிடுகிறார். சத்தமும் நின்றுவிடுகிறது. அதில் என்ன தவறு?

பதில்: சத்தம் நிற்கிறது, தேய்மானம் தொடங்குகிறது. ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) ஆடும் அச்சும் முன் ஸ்ப்ராக்கெட்டின் மையமும் ஒரே புள்ளியில் இல்லை. ஆகவே சஸ்பென்ஷன் அமுங்கும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் இடையிலான தூரம் மாறுகிறது; முன் ஸ்ப்ராக்கெட்டின் மையம், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்ஸில் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது அது மிக அதிகம். ஸ்டாண்டில் விறைப்பாக இருக்கும் செயின், இருவர் ஏறிப் பள்ளத்தில் இறங்கும் நொடியில் கம்பிபோல் இறுகி, கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கையும் ஆயில் சீலையும் இழுக்கிறது. அன்றாடப் பயணத்துக்கான பல கம்யூட்டர் வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் தொய்வு (கீழ்ச்செயினின் நடுப்பகுதி மேலும் கீழும் அசையும் அளவு) தேவை. உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீள்வதில்லை என்பதால், சக்கரத்தைச் சுற்றி மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் அளக்க வேண்டும்.

கேள்வி: ஏற்க முடியாது ஐயா. பல வருடங்களாக விறைப்பாகத்தான் வைத்து ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. தொய்வாக விட்டால் செயின் கழன்று விழும்.

பதில்: அளவுக்கு மீறித் தொய்ந்த செயின் கழலும் என்பது உண்மை, அதற்காக அளவுக்குக் குறைவாகத் தொய்வு வைப்பது தீர்வு ஆகாது. வாதத்தை உங்கள் வண்டியிலேயே முடித்துக்கொள்ளலாம். எஞ்சினை அணைத்து, ஸ்டாண்டை எடுத்து, இரண்டு பேரை உட்காரவைத்துக் கீழ்ச்செயினின் நடுவே விரலால் தூக்கிப் பாருங்கள். கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் அது டைட். முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றி, தண்டைச் சுற்றி ஆயில் கசிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: ஸ்ப்ராக்கெட்டை விட்டுச் செயினை மட்டும் மாற்றலாமா?

பதில்: வேண்டாம். கொக்கிபோல் வளைந்த பழைய பல், புதுச் செயினையும் சீக்கிரமே தின்றுவிடும்.

கேள்வி: எங்கள் வண்டியிலும் கரகர சத்தம். டைட் வைத்தால் போதுமா?

பதில்: போதாது. முதல் பதிலில் உள்ள சாலைச் சோதனையைச் செய்துவிட்டு, கிளட்ச் பிடித்தபோது சத்தம் நின்றதா நிற்கவில்லையா என்பதோடு எழுதுங்கள்.

கேள்வி: எஞ்சினை ஓடவிட்டுச் செயினுக்கு ஆயில் விட்டால் எல்லாக் கண்ணியிலும் சீராக இறங்கும் என்கிறார்களே?

பதில்: கையால் சுற்றினாலும் அப்படியே இறங்கும். எஞ்சினை அணையுங்கள்; முதல் பதிலில் சொன்ன எச்சரிக்கை இதற்கும்தான். கீழ்ச்செயினின் உட்புறத்தில் கண்ணித் தகடுகளுக்கு இடையே 90 கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி சக்கரத்தைச் சுற்றி, மிகுதியைச் சக்கரம் நின்ற பிறகு துடையுங்கள்.