பாட்டியின் பழைய புடவைகளைக் கொண்டு சித்தியின் 60-ஆவது பிறந்தநாளுக்குப் போர்வை தைப்பது எப்படி?

காலமான பாட்டியின் புடவைகள் பத்துப் பன்னிரண்டு உங்களிடம் இருப்பதாகவும், அவற்றைத் துண்டுகளாக வெட்டி இணைத்துச் சித்திக்கு ஒரு போர்வை செய்து தர விரும்புவதாகவும், தையல் இயந்திரத்தில் நேர்தையல் மட்டும் பழகியிருப்பதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நேர்தையல் தெரிந்தால் போதும். என் அத்தைக்கு இப்படியொரு போர்வையைத் தைத்துக் கொடுத்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: இந்த வேலையில் தையலைவிடத் துணியைத் தேர்ந்தெடுப்பதே கடினம்.

வெட்டுவதற்கு முன் சித்தியைத் தவிர்த்து வீட்டிலுள்ள மற்றவர்களிடம், அதாவது உங்கள் அம்மாவிடமும் மாமாக்களிடமும், எந்தப் புடவையை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று கேட்டுவிடுங்கள். பிறந்தநாளில் பழந்துணியைக் கொடுப்பதா என்று யாராவது முகம் சுளிக்கவும் கூடும். பிறந்த குழந்தையை முதலில் கிடத்துவதும் தூளி கட்டுவதும் பாட்டியின் நைந்த நூல்புடவையில்தானே என்று நினைவூட்டினால் பெரும்பாலும் அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

பட்டுப்புடவைகளை ஒதுக்கி வைத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. பழைய பட்டு மடிப்பு விழுந்த இடங்களில் தானாகவே இற்றுப்போகும். ஜரிகை உடம்பில் உறுத்தும். பருத்தியோடு சேர்த்துத் துவைத்தால் இரண்டும் ஒரே அளவில் சுருங்காமல் தையல் ஓரங்கள் இழுத்துக்கொள்ளும். பீரோவில் வைத்துப் பூட்டும் பொருளாக இல்லாமல் சித்தி அன்றாடம் போர்த்திக்கொள்ளும் பொருளாக இது இருக்க வேண்டுமானால், துவைக்கத்தக்க நூல்புடவைகளே ஏற்றவை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரியும் இடங்களையும், இரு கட்டைவிரல்களால் இழுத்தால் கிழியும் இடங்களையும் விட்டுவிட்டு வெட்ட வேண்டும். அடுத்து, ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று சோதியுங்கள். சுங்குடிப் புடவைகளிலும் அடர் சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களிலும் இது கட்டாயம். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லா வீடுகளிலும் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. இரண்டு மூன்று முறை தனியாக அலசிய பிறகும் சாயம் விடுகிற துணியைச் சேர்க்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

ஒற்றைக் கட்டிலுக்கான போர்வை 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் இருந்தால் போதுமானது. ஆறரை அங்குலச் சதுரங்களாக வெட்டி, நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், முடிவில் ஒவ்வொன்றும் ஆறு அங்குலம் நிற்கும். குறுக்கே 10, நெடுக்கே 15 என்று மொத்தம் 150 சதுரங்கள் தேவைப்படும். பத்துப் புடவைகள் என்றால் ஒன்றுக்கு 15 சதுரங்கள்தான்; அதற்கு ஒரு புடவையில் ஏறத்தாழ அரை மீட்டர் நீளம் வெட்டினால் போதும். இடுப்பில் செருகும் உள்முனைப் பக்கம் வெயில் படாமல் நிறம் மங்காதிருக்கும், முந்தானையும் பிழைக்கும் என்பதால் நான் அங்கிருந்தே வெட்டினேன். தைக்காத ரவிக்கைத் துணி புடவையோடு இன்னும் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. புடவை முழுதாகவே மிஞ்சும்.

சதுரத்தை இதற்கும் சிறிதாக்காதீர்கள். இரண்டு அங்குலத் துண்டுகளில் போர்வை கண்ணுக்கு அழகாக இருக்கலாம். ஆனால் கட்டமும் கரையும் சிதைந்து, இது அம்மா கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போன புடவை என்று சித்தியால் அடையாளம் காண முடியாமல் போகும். அடையாளம் தெரியாவிட்டால் இத்தனை பாடும் எதற்கு? அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் சிற்றூர் ஒட்டுத்துணிப் போர்வைகளுக்குப் பெயர்பெற்றது. அங்கு மிசௌரி பெட்வே என்பவர், இறந்துபோன தம் கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டு 1942-இல் ஒரு போர்வை தைத்தார். வேலை உடுப்புகளில் தைத்த அவ்வூர்ப் போர்வைகளில், சட்டைப்பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நிறமாகத் தெரிவதைக் காணலாம். பாட்டி கையால் இழையோட்டிய இடமோ கரைத் துண்டோ கிடைத்தால், துணி அங்கு உறுதியாக இருக்கும்பட்சத்தில், அதைச் சதுரத்தின் நடுவில் வருமாறு வெட்டுங்கள். புகைப்படத்தைத் துணியில் அச்சிட்டு ஒட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை. போர்வை விளம்பரப் பதாகையைப் போல் ஆகிவிடுகிறது.

நைந்த பருத்தி இயந்திரத்தின் அடியில் வளைந்து நெளியும். ஆகவே வெட்டும் முன் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துகொள்ளுங்கள். சதுரங்களைத் தரையில் பரப்பி வரிசை முடிவானதும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, முதலில் வரிசை வரிசையாகவும் பிறகு வரிசைகளை ஒன்றோடொன்றும் தையுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு உள்ளே பஞ்சு வைக்க வேண்டியதில்லை. வங்காளத்தின் காந்தா முறையில் பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து ஓட்டுத்தையல் போடுவார்கள். அதுவே நமக்குப் பொருந்தும். நடு அடுக்குக்கு ஒரு நைந்த நூல்புடவை போதும். அடி அடுக்குக்கு உங்கள் தாத்தாவின் எட்டுமுழ வேட்டி இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 50 அங்குல அகலமுள்ள அந்த வேட்டியில் 64 அங்குல நீளத் துண்டுகள் இரண்டை வெட்டி, கரையோடு கரை சேர்த்து இணைத்தால் போர்வையின் அளவைவிடச் சற்றே கூடுதலாக வரும். மிகுந்ததை முன்பக்கமாக மடித்து ஓரத்தைத் தைத்துவிடலாம். அடி அடுக்குக்குப் புதுத் துணி வாங்கினால் அதை ஒருமுறை நனைத்துச் சுருங்கவைத்த பிறகே வெட்ட வேண்டும். மூன்று அடுக்குகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவி, ஊக்குக் குத்தி, இரண்டு அங்குல இடைவெளியில் பருத்தி நூலால் ஓட்டுத்தையல் போடுங்கள். இது மெதுவாக நகரும் வேலை என்பதால் பிறந்தநாளுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த ‘சித்தி’ (Siddi) என்ற இனத்துப் பெண்கள் கவந்தி என்னும் போர்வையை ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூ என்று வைப்பார்கள். விருப்பமிருந்தால் பாட்டிக்கு மிகவும் பிடித்த புடவையின் துண்டுகளை அப்படி மூலைகளில் வைக்கலாம்.

பெயரையும் தேதியையும் முன்பக்கம் பெரிதாக எழுத வேண்டாம். பின்பக்க மூலையில் உள்ளங்கையளவு வெள்ளைத் துணியில் சித்தியின் பெயர், ஆண்டு, யாருடைய புடவைகள் என்ற விவரம் ஆகியவற்றைச் சங்கிலித் தையலில் போட்டுவிடுங்கள். எந்தச் சதுரம் எப்போது எடுத்த புடவை என்பதை உங்கள் அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி உடன் வைத்தால் சித்தி அதைத்தான் முதலில் படிப்பார். முதல் இரண்டு சலவையும் தனியாக, குளிர்ந்த நீரில், மிதமான சோப்பில் இருக்கட்டும், நிழலில் உலர்த்தட்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.