லடாக் பயணமும் ப்ரீபெய்டு சிம்மும்

பெற்றோருடன் லடாக் போகிறீர்கள், கையில் இருப்பது தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம், எந்த ஆப் உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப் இருக்கட்டும், முதலில் சிம்மைப் பாருங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு எண் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் எடுக்கும். வயதானவர்களோடு போவதால் ஒரு எண்ணையாவது இப்போதே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வங்கி ஓடிபி கூட வராது.

போஸ்ட்பெய்டு இருந்தாலும் நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்கோங் ஏரி பக்கம் சிக்னலை நம்ப முடியாது. ஆனால் ஜிபிஎஸ்ஸுக்கு சிம்மோ இணையமோ தேவையில்லை, வரைபடம் போனில் இருந்தால் போதும். கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஆஃப்லைனில் அது கார் வழி மட்டும்தான் காட்டும், நடைபாதை காட்டாது. அதனால் ஆர்கானிக் மேப்ஸையும் போட்டுக்கொள்ளுங்கள்: இலவசம், விளம்பரம் கிடையாது, நடக்கும் வழியும் இணையமில்லாமல் காட்டும். என் ஓட்டு அதற்குத்தான்.

இந்தி தெரியாதென்றால் கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ், இந்தி இரண்டையும் இறக்கி வையுங்கள். யுபிஐயை நம்பாமல் லே நகரத்திலேயே ரொக்கம் எடுத்துவிடுங்கள். அப்புறம், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரவில் போனைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.