ஈசிஜி மெஷினின் கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. அவசர மருத்துவம் முதலாண்டு படிக்கிறேன். டியூட்டி முடிந்தால் தூங்கத்தான் நேரம் இருக்கிறது. துறையில் ஆய்வுக்கென்று நிதியும் கிடையாது, லேபும் கிடையாது. உருப்படியாக ஏதாவது ஆய்வு செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. டியூட்டியிலேயே செய்யலாம்.

நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது நெறிமுறை. உங்கள் பிரிவில் எத்தனை பேருக்கு அப்படி நடக்கிறது? ஒரு மாதம் எண்ணுங்கள். எண்ண உட்கார்ந்ததுமே ஒன்று கண்ணில் படும். கேஸ் ஷீட்டில் எல்லா நேரமும் 10.00, 10.15, 10.30 என்றே இருக்கும். கூட்டம் ஓய்ந்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுதியவை. சரி, ஈசிஜி தாளில் அச்சாகும் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றால், அந்த மெஷினின் கடிகாரமும் ஓ.பி. சீட்டு அடிக்கும் கம்ப்யூட்டரின் கடிகாரமும் ஒத்துப்போகாது. நோயாளி வந்து சேருவதற்கு முன்பே அவருக்கு ஈசிஜி எடுத்ததாகக் கணக்கு வரும்! தினமும் காலை டியூட்டி மாறும்போது இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். அப்புறம் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: மெஷினை ட்ரையேஜ் மேசைக்கு, அதாவது வருபவர்களை அவசரத்தின் அளவைப் பார்த்துப் பிரிக்கும் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். மறுபடி ஒரு மாதம் எண்ணுங்கள். மாநாட்டில் வாசிக்க இது தாராளமாகப் போதும்.

தீசிஸ் தலைப்பில் பலர் சறுக்குவது எண்ணிக்கையில்தான். மாதம் 8 பாம்புக்கடி வரும் இடத்தில் ஓராண்டுக்கு 96 பேர்தான் கிடைப்பார்கள். 200 பேர் தேவைப்படும் தலைப்பை எடுத்தால் மூன்றாம் ஆண்டில் அழ வேண்டியதுதான். பழைய ரிஜிஸ்டரைப் புரட்டி எண்ணிவிட்டு கைடிடம் போங்கள். எம்.டி. தீசிஸுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிதியுதவியும் உண்டு, விண்ணப்பித்துப் பாருங்கள்.

நெறிமுறைக் குழு (எதிக்ஸ் கமிட்டி) அனுமதிக்குப் பிறகே தரவு சேகரிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். புதிய சிகிச்சையைச் சோதிப்பதாக இருந்தால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐயில் (மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிந்துவிடுங்கள். நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு பதிய 2018 ஏப்ரலிலிருந்து வழியில்லை. நினைவிழந்து வருபவருக்கு யாரிடம் ஒப்புதல் வாங்குவது என்பதையும் குழுவிடம் முதலிலேயே எழுதிக் கேளுங்கள்.

சென்னை அயப்பாக்கத்தில் உள்ள ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் ஆய்வுமுறைப் பாடத்தை எப்படியும் முடித்தாக வேண்டும். பலர் சான்றிதழுக்காகக் கடைசியில் படிக்கிறார்கள். என்னைக் கேட்டால், தலைப்பு முடிவாகும் முன் படித்தால்தான் அதனால் பலன்.

மாவட்ட மருத்துவமனைப் பயிற்சிக்கு மூன்று மாதம் போவீர்கள் அல்லவா? அதை ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய மருத்துவமனைக்கு வந்து சேரும் நோயாளி அதற்கு முன் எங்கே எவ்வளவு நேரம் இழந்தார் என்பது அங்கேதான் தெரியும். ரெஃபரல் சீட்டு ஒன்றைக் கையில் எடுத்து, 108 புறப்பட்ட நேரம் அதில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.